குறைகிற இரத்தம் எங்கே போகிறது?

கேள்வி: எனக்கு வயது 58. சில மாதங்களாக வாயுத்தொல்லை, ஏப்பம், நாக்கில் வெள்ளைப் படிவு. இணையத்தில் தேடினால் இரைப்பைப் புற்றுநோய் என்று வருகிறது. களைப்புக்காக இரத்தம் சோதித்ததில் ஹீமோகுளோபின் 9.4, இரும்புச்சத்துக் குறைவு என்றார்கள். பாமசியில் மாத்திரை வாங்கிக் குடிக்கிறேன். பயப்பட வேண்டுமா? – வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: நாக்கையும் ஏப்பத்தையும் விடுங்கள் ஐயா. இணையத்தில் எதைத் தேடினாலும் கடைசியில் புற்றுநோயில்தான் போய் நிற்கும். நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த 9.4 தான் எனக்குக் கவலை தருகிறது.

ஆண்களுக்கு 13க்குக் குறையக் கூடாது. உங்கள் வயதில் ஓர் ஆணுக்கு இரும்புச்சத்து இவ்வளவு குறைந்தால், குடற்பாதையில் எங்கோ இரத்தம் கசிகிறதா என்றுதான் முதலில் தேடுவோம். மூட்டுவலிக்கு டைக்ளோபெனாக், இதயத்துக்கு அஸ்பிரின் என்று எடுப்பவராக இருந்தால் இரைப்பைப் புண்ணாக இருக்கலாம். ஆனால் பெருங்குடலின் வலப்பக்கத்தில் வளரும் புற்றுநோயும் இப்படித்தான் தலைகாட்டும். அந்த இடத்தில் மலம் கூழாகவே இருப்பதால் அடைப்போ வலியோ எளிதில் வராது. கசியும் இரத்தம் மலத்தோடு கலந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவதுதான் பலருக்கு முதல் அறிகுறி.

இந்த நிலையில் நீங்களாகவே மாத்திரை வாங்கிக் குடிப்பது எனக்குக் கோபத்தையே தருகிறது. எண் ஏறிவிடும், நீங்களும் நிம்மதியாகிவிடுவீர்கள், கசிவு மட்டும் தொடரும். இரும்பு மாத்திரை மலத்தையும் கறுப்பாக்கும். இரத்தத்தால் கறுத்ததா, மாத்திரையாலா என்று குழம்பிப்போவீர்கள்.

இந்த வாரமே வைத்தியரைப் பாருங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போனாலும் போதும், கட்டணம் இல்லை. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் சோதனையோடு, கமெராக் குழாயை உள்ளே விட்டு இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கோபி, பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோபி இரண்டும் தேவையா என்று நீங்களே கேளுங்கள். தேவைதான் என்பது என் கருத்து. கொலனோஸ்கோபிக்கு ஒரு வாரம் முன்பே இரும்பு மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள். குடற்சுவரில் கறுப்பு ஒட்டிக்கொண்டால் உள்ளே சரியாகப் பார்க்க முடியாது. சிறிய பொலிப் (குடற்சுவரில் முளைக்கும் சதை வளர்ச்சி) இருந்தால் அப்போதே அகற்றிவிடலாம். புற்றுநோயே என்றாலும், ஆரம்பத்தில் பிடிபட்டால் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சையிலேயே குணமாகிவிடும். ஆய்வுகூடங்கள் விற்கும் சீஈஏ (CEA) என்ற புற்றுநோய்க் குறியீட்டு இரத்தச் சோதனையை நம்பி இதைத் தள்ளிப்போடாதீர்கள். அது சரியாக இருந்தாலும் புற்றுநோய் இல்லை என்று ஆகிவிடாது.

பழைய இரத்தப் பரிசோதனை அறிக்கைகள் அலுமாரியில் இருந்தால் கொண்டுபோங்கள். எண் எப்போது இறங்கத் தொடங்கியது என்பது வைத்தியருக்கு மிகவும் பயன்படும். இதற்கிடையில் மலம் தார்போல் ஒட்டும் கறுப்பாகி நெடியடித்தாலோ, எழுந்தவுடன் தலைசுற்றி மயக்கம் வந்தாலோ, நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.