கப்போர்டு கடைசியில் வரட்டும்

கேள்வி: திருச்சியில் எங்கள் வீடு கட்டி 22 ஆண்டுகள் ஆகின்றன. சமையலறை 10க்கு 8 அடி. மேடைக்குக் கீழே கடப்பா கல் தட்டுகள்தான். மாடுலர் கிச்சனாக மாற்ற ஒரு கம்பெனிக்காரர் வந்து அளவெடுத்துவிட்டு, இந்த வாரமே முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: இப்போது கொடுக்காதீர்கள். அவர் எடுத்த அளவு, தோராயமாகச் செலவு கணக்குப் போடத்தான் உதவும். சுவரில் புதிதாக டைல்ஸ் ஒட்டினால் பூச்சோடு சேர்த்து ஒரு பக்கம் முக்கால் அங்குலமாவது உள்ளே வரும். எதிரெதிர்ச் சுவர் இரண்டிலும் ஒட்டினால் ஒன்றரை அங்குலம் போச்சு. முன்கூட்டியே செய்த பெட்டி அங்கே உட்காராது, ஆசாரி ரம்பத்தை எடுப்பார். பிளைவுட்டில் அப்படி வெட்டிய விளிம்பு வழியாகத்தான் ஈரம் முதலில் ஏறும். டைல்ஸ், கிரானைட் இரண்டும் முடிந்த பிறகு எடுக்கும் அளவுதான் அளவு.

அதனால் முதலில் கூப்பிட வேண்டியவர்கள் பிளம்பரும் எலக்ட்ரீஷியனும். 22 வருட வீடு என்றால் சுவருக்குள் இரும்புக் குழாய் இருக்க வாய்ப்பு அதிகம். அதை மாற்றாமல் மேலே அழகான டைல்ஸ் ஒட்டுவது வீண்செலவு. புதுக் குழாய் போட்டதும் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் விட்டு வைத்துப் பார்த்துவிட்டே சுவரைப் பூசச் சொல்லுங்கள். சிங்க் பக்கத்தில் ஆர்.ஓ. வாட்டர் ப்யூரிஃபையருக்குத் தண்ணீர் வரவும், கழிவுநீர் போகவும், பிளக்குக்கும் இடம் விடுங்கள். பலரும் மறப்பது இதைத்தான். என் வீட்டிலேயே நான் மறந்தேன்!

மின்சாரத்துக்கு வருவோம். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். பழைய 6 ஆம்பியர் பிளக் அதற்குத் தாங்காது. அடுப்பு, ஓவன் போன்றவற்றுக்குத் தனித்தனி 16 ஆம்பியர் பாயிண்ட், தனி லைன், 4 சதுர மி.மீ. ஒயர் போடுங்கள். மிக்சி எங்கே நிற்கும், கிரைண்டர் எங்கே நிற்கும் என்று இப்போதே முடிவு செய்தால்தான் பாயிண்ட் சரியான இடத்தில் வரும். ஒரு வாரம் நீங்கள் சமைக்கும்போது எதற்காக எத்தனை தடவை திரும்புகிறீர்கள் என்று கவனியுங்கள். கம்பெனிக்காரரின் கம்ப்யூட்டர் படத்தில் அது தெரியாது.

மேடை உயரத்தையும் யாரோ சொன்ன அளவுக்கு விடாதீர்கள். முழங்கையை மடக்கி நின்றால், அதற்கு 4 முதல் 6 அங்குலம் கீழே மேடை இருந்தால் காய் நறுக்க வசதி. அடுப்பு நிற்கும் பகுதி இன்னும் கொஞ்சம் தாழ்வாக இருந்தால் பெரிய குக்கரில் கிளற வசதி. மேற்பரப்புக்கு நம் சமையலுக்குக் கறுப்பு கிரானைட்தான் என் தேர்வு. புளியும் எலுமிச்சையும் மார்பிளை அரிக்கும். வெள்ளைக் குவார்ட்ஸில் மஞ்சள் கறை நிற்கும், சூடான பாத்திரத்தை நேரடியாக வைக்கவும் கூடாது.

கடப்பா தட்டுகளை உடைக்கவே வேண்டுமா என்றும் யோசியுங்கள். கரையான் அரிக்காத, ஊறாத பொருள் அது. சிங்குக்குக் கீழேயாவது அதை அப்படியே விட்டு அலுமினியக் கதவு மட்டும் மாட்டுங்கள். மற்ற இடத்தில் இழுப்பறை வேண்டுமென்றால் பிளைவுட்டில் ஐ.எஸ். 710 (தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண்) முத்திரை இருக்கிறதா என்று பலகையைத் திருப்பிப் பாருங்கள். எம்.டி.எஃப். என்ற மர நாரை அழுத்திச் செய்த பலகை சமையலறையின் கீழ்ப்பெட்டிக்கு வேண்டாம்.

சிலிண்டரை மேடைக்கடியில் வைப்பதென்றால் நிமிர்த்தியே வைக்க வேண்டும். கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். அந்தக் கதவின் அடியில் காற்றுப் போக இடைவெளி கட்டாயம்.

கல் வேலை, லைன் வேலை நடக்கும் இரண்டு மூன்று வாரம் கொல்லைப்புறத்திலோ வராந்தாவிலோ அடுப்பை மாற்றிக்கொண்டால் வீட்டிலேயே சமாளிக்கலாம். தூசிக்குத் தயாராக இருங்கள், அவ்வளவுதான்.

அப்புறம், சுவரைப் பூசுவதற்கு முன்னால் குழாயும் ஒயரும் போகும் தடத்தை அளவு டேப்பை வைத்து போனில் படம் எடுத்து வையுங்கள். சிம்னி மாட்டுபவர் டிரில்லைக் கையில் எடுக்கும் முன் அவருக்கு அதைக் காட்டுங்கள்.