சிம்னிப் புகையும் நெல்லில் ஏறும் பாதரசமும்

கேள்வி: ஐயா, எங்கள் வயலிலிருந்து பார்த்தால் அனல்மின் நிலையச் சிம்னி தெரியும். புகையில் வரும் பாதரசம் நெல்லில் ஏறிவிடும் என்கிறார்கள். அதைக் கட்டிப்போடும் பொடி என்று உரக்கடைக்காரர் ஏக்கருக்கு இரண்டு மூட்டை போடச் சொல்கிறார். போடலாமா? கிணற்றுப் பாசனம்தான். குட்டையில் விரால் வளர்க்கிறோம்.

பதில்: போடாதே தம்பி. மூட்டையில் என்ன சரக்கு, எத்தனை சதவீதம் என்று அச்சடித்திருக்கிறதா பார். பயத்தைப் பார்த்து விலை வைக்கிற வியாபாரம் அது.

நிலக்கரி எரியும்போது அதிலுள்ள பாதரசம் ஆவியாகிவிடும். கொஞ்சம் மழையோடும் தூசியோடும் பக்கத்திலேயே விழும், மீதி மாதக்கணக்கில் உலகத்தைச் சுற்றும், விழுந்ததும்கூட வெயிலில் மறுபடி கிளம்பும். அதனால் உன் மண்ணில் இருப்பது அந்தச் சிம்னியுடையதா, அமேசான் காட்டில் தங்கம் பிரிக்கப் பாதரசத்தைக் காய்ச்சுகிறவர்களுடையதா என்று நீயும் நானும் சொல்ல முடியாது. ஏன், கரும்புக் கரணையைப் பாதரச மருந்தில் முக்கி நட்டவர்கள்தானே நாமும்? 2018-ல்தான் அதற்குத் தடை வந்தது. எந்தக் கடையிலாவது பழைய டப்பாவை எடுத்து நீட்டினால் வாங்காதே.

நீ கேட்டிருக்க வேண்டியது தண்ணீரைப் பற்றி. வயலில் நாள் கணக்கில் தண்ணீர் நின்றால் சேற்றில் காற்று இருக்காது, அங்கே வாழும் பாக்டீரியாக்கள் சாதாரண பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றும். அதுதான் கூடுதல் விஷம், அதுதான் நெல்மணியில் சுலபமாக ஏறுவது. சீனாவின் குய்சோ மாகாணத்தில் வான்ஷான் என்ற பழைய பாதரசச் சுரங்கப் பகுதியில் ஜனங்களுக்கு இது மீனைவிடச் சோற்றில்தான் அதிகம் போயிருக்கிறது.

ஆகவே காய்ச்சலும் பாய்ச்சலும்! எந்தக் கேள்விக்கும் இதையே சொல்கிறேன் என்று கேலி செய்கிறார்கள், செய்யட்டும். ஓட்டை போட்ட குழாயை வயலில் புதைத்து, அதற்குள் எட்டிப் பார்த்து, தண்ணீர் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு பாய்ச்சு, பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடாதே. கிணறு உன்னுடையது, முறைத் தண்ணீருக்குக் காத்திருக்கிற கடைமடைக்காரனுக்கு இந்த வசதி கிடையாது. அப்புறம், பச்சை வைக்கோலை மடக்கி உழுது உடனே தண்ணீர் கட்டாதே, அந்த பாக்டீரியாவுக்கு அதுதான் தீனி. மட்க வைத்துப் போடு.

விரால் மற்ற மீனைத் தின்கிற மீன், அதனால் உடம்பில் பாதரசம் கூடுதலாகச் சேரும், கழுவினாலும் வேகவைத்தாலும் போகாது. வீட்டில் கர்ப்பிணியோ சின்னப் பிள்ளையோ இருந்தால் அவர்களுக்குக் கட்லா, ரோகு போதும்.