24 வயதில் இடுப்பெலும்பு உடைந்தால் ஒப்பரேஷன் செய்யத்தான் வேண்டுமா?

கேள்வி: தம்பிக்கு 24 வயது. மோட்டார் சைக்கிள் விபத்தில் இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. முன்னால் இரண்டு வெடிப்பு, பின்னால் ஒன்று என்கிறார்கள். ஒப்பரேஷன் தேவையில்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார். இளம் பிள்ளை, நாளைக்கு நொண்டக்கூடாதே என்று அம்மா அழுகிறா. பிரைவேற்றில் காசு கட்டிச் செய்விக்கலாமா?

நான் டொக்டர் இல்லை. 2017இல், எனக்கு 26 வயதாக இருந்தபோது, கிட்டத்தட்ட இதே உடைவோடு யாழ்ப்பாணத்தில் ஒரு வாட்டில் 11 நாள் கிடந்தவன். உங்கள் வீட்டில் இப்போது ஓடுகிற கதை எங்கள் வீட்டிலும் ஓடியது. அழுத ஆள்தான் வேறு. எங்கள் வீட்டில் அது அப்பா.

பருத்தித்துறை வீதியில் இரவு எட்டு மணி இருக்கும். ஒழுங்கைக்குள் இருந்து லைட் இல்லாமல் வந்த லேன்மாஸ்ரரின் (இரண்டு சில்லு உழவு மெசின்) பெட்டி என் இடப்பக்கத்தில் இடித்தது. அப்போது 1990 என்ற நம்பருக்கு அடித்தால் வருகிற அம்புலன்ஸ் இங்கே இல்லை, அடுத்த வருடம்தான் வந்தது. உதவிக்கு வந்தவர்கள் நல்ல மனதோடு என்னைத் தூக்கி ஓட்டோவில் இருத்திக் கொண்டுபோனார்கள். உடைந்த இடுப்போடு, நிமிர்ந்து இருந்தபடி, கிடங்கும் பள்ளமுமான அந்த வீதியில்! இதை வாசிக்கிற யாரும் அப்படிச் செய்துவிடாதீர்கள். ஆளை அசைக்காமல் படுக்க விட்டு 1990க்கு அடியுங்கள். காசும் இல்லை.

சி.ரி. ஸ்கான் எடுத்த பிறகு எலும்பு டொக்டர் சேர் வந்து பார்த்தார். "தம்பி, உமக்கு ஒப்பரேஷன் தேவையில்லை. நாளையண்டைக்கு எழுப்பி நிப்பாட்டுவம்" என்றார். பார்வை நேரத்துக்கு வந்த மாமா கொதித்துவிட்டார். "போன வருசம் அம்மம்மா பாத்ரூமுக்க விழுந்து இடுப்பு உடைஞ்சதுக்கு உடன ஒப்பரேஷன் செய்தவங்கள். எண்பது வயசுக் கிழவிக்குச் செய்யலாம், இருபத்தாறு வயசுப் பெடியனுக்குச் செய்யேலாதோ?"

முதல் குழப்பமே இங்கேதான். நாங்கள் இரண்டையும் 'இடுப்பு உடைஞ்சது' என்றுதான் சொல்கிறோம். அம்மம்மாவுக்கு உடைந்தது தொடையெலும்பின் மேல் நுனி, மூட்டுக்குள் இருக்கிற கழுத்துப் பகுதி. அதை அப்படியே விட்டால் அவ மறுபடி எழும்பவே மாட்டா. அதனால்தான் அந்த வயதிலும் செய்கிறார்கள். எனக்கு உடைந்தது இடுப்பு வளையம், வேறு எலும்பு. தொடையெலும்பின் பந்து உட்காருகிற கிண்ணம் உடைவது இன்னொரு கதை. அது மூட்டு என்பதால், துண்டுகள் கொஞ்சம் விலகியிருந்தாலே பெரும்பாலும் ஒப்பரேஷன்தான். ஆகவே தம்பியின் கிண்ணத்தில் வெடிப்பு இருக்கிறதா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

வளையம் என்றால் என்னவென்று எனக்கு விளங்கப்படுத்தியது பிசியோ மிஸ். தன் கையில் இருந்த கண்ணாடி வளையலைக் காட்டினா. "இதை ஒரு இடத்தில மட்டும் உடைக்க ஏலுமோ?" ஏலாது. எங்கே உடைந்தாலும் இரண்டாவது இடமொன்றும் வெடிக்கும். இடுப்பும் அப்படித்தான். முன்னால் பூப்பென்பில் (அடிவயிற்றுக்குக் கீழே இருக்கிற எலும்பு) வெடித்திருந்தால் பின்னால் திருவென்பிலோ (முள்ளந்தண்டின் அடியில் இருக்கிற எலும்பு) அதன் மூட்டிலோ ஏதாவது நடந்திருக்கும். அதனால் 'மூன்று வெடிப்பு' என்று எண்ணிக்கையைக் கேட்டு மலைக்க வேண்டாம். உடைந்த வளையம் இன்னும் பாரத்தைத் தாங்குகிறதா இல்லையா என்பதைத்தான் டொக்டர்கள் பார்க்கிறார்கள்.

அடி எந்தப் பக்கம் இருந்து வந்தது என்பதில் பாதி விடை இருக்கிறது. பக்கவாட்டில் இடிபட்டால் எலும்புகள் உள்நோக்கி அமுங்கி ஒன்றோடொன்று இறுகும். பின்பக்கத்தில் எலும்புகளைக் கட்டி வைத்திருக்கிற நார்கள் அனேகமாக அறாது. இடுப்பு வளைய உடைவுகளில் இந்த வகைதான் அதிகம், எனக்கு வந்ததும் இதுதான். முன்னால் இருந்து அடி விழுந்தால் வளையம் புத்தகம் போல விரியும். முன்பக்க மூட்டு இரண்டரை சென்றிமீற்றருக்கு மேல் விரிந்திருந்தால் பின்பக்க நார்களும் போயிருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு, பெரும்பாலும் பிளேற் வைத்துப் பூட்டுவார்கள். உயரத்தில் இருந்து விழுந்து ஒரு பக்க இடுப்பு மேலே ஏறியிருந்தால் கேள்வியே இல்லை, ஒப்பரேஷன்தான். இந்த இரண்டு வகையிலும் உள்ளே இரத்தம் போய் உயிருக்கே ஆபத்தாகலாம். அங்கே போய் 'படுத்தாலே சரிவரும்' என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

பக்கத்துக் கட்டிலில் கிளிநொச்சிப் பெடியன் ஒருவன். என்னைவிட இரண்டு வயது இளமை. மோட்டார் சைக்கிள் நேரே போய் மோதியதில் பெற்றோல் ராங்கி இடுப்பில் இடித்து வளையம் விரிந்துவிட்டது. முன்னால் பிளேற், பின்னால் நீளமான ஸ்குரூ. அவனுக்கு ஒப்பரேஷன் நடந்த அன்று எங்கள் வீட்டார் அவனை ஏதோ பரிசு விழுந்தவனைப் போலப் பார்த்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு நடந்தது வேறு. நான் வலி விடுகிற அளவுக்கு இரண்டு காலிலும் பாரம் போடலாம் என்றார்கள். அவனோ வலது காலை நிலத்தில் தொடலாம், ஊன்றக்கூடாது, அதுவும் மூன்று மாதத்துக்கு! "அண்ணை, காசு குடுக்காத உங்களுக்குத்தான் நல்ல சாமான் தந்திருக்கினம்" என்று பகிடி விட்டான். இருவருமே காசு கொடுக்கவில்லை என்பது வேறு விஷயம்.

நிற்க வைத்த நாளை மறக்க முடியாது. அதற்கு முதல் இரண்டு நாளும் கட்டிலில் ஒருக்களித்துத் திரும்புவதற்கே பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. மிஸ் வோக்கரை முன்னால் வைத்து, "மூச்சை அடக்காதேங்கோ, விட்டுக்கொண்டு எழும்புங்கோ" என்றா. எழும்பினேன். இடுப்பின் பின்பக்கம் சுளீரென்று இழுத்தது, முகமெல்லாம் வியர்வை. நாலு அடி வைத்தேன். அன்று பின்னேரமே மறுபடி எக்ஸ்ரே எடுத்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு, படுத்திருக்கும்போது எடுத்த படம் பொய் சொல்லக்கூடும், பாரம் போட்ட பிறகும் எலும்பு அதே இடத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார் சேர். நகர்ந்திருந்தால் எனக்கும் ஸ்குரூ தான். நகரவில்லை. 'சும்மா போட்டு வைச்சிருக்கினம்' என்று சொல்லித் திரிந்த மாமா அன்றைக்குத்தான் அமைதியானார்.

உங்கள் தம்பிக்கும் இந்த இரண்டாவது படம்தான் முக்கியம். எழுந்து நடந்த பிறகு எக்ஸ்ரே எடுத்தார்களா, எப்போது மறுபடி எடுப்பார்கள் என்று கேளுங்கள். திருவென்பில் வெடிப்பு பாதியோடு நிற்கிறதா, முன்னிருந்து பின்வரை முழுதாகப் போயிருக்கிறதா என்றும் கேளுங்கள். பாதி என்றால் ஒப்பரேஷன் இல்லாமல் விடுவதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. முழுது என்றால் டொக்டர்களுக்குள்ளேயே இழுபறி. ஒரே படத்தைப் பல நிபுணர்களுக்குக் காட்டிக் கேட்ட ஆய்வுகளில்கூட ஒரே பதில் வரவில்லை. சிலர் மயக்க மருந்து கொடுத்து, இடுப்பை அமத்தி, அசைகிறதா என்று எக்ஸ்ரே திரையில் பார்த்து முடிவெடுப்பார்கள். ஸ்குரூ வைத்தால் தொடக்க வாரங்களில் வலி கொஞ்சம் குறையலாம், திரும்பிப் படுக்க இலகுவாக இருக்கலாம். ஆனால் அந்த வித்தியாசம் நாங்கள் நினைக்கிற அளவு பெரிதில்லை. தோலில் வெட்டு ஒரு சென்றிமீற்றர்தான் என்றாலும், ஸ்குரூ போகிற வழியில் காலுக்குப் போகும் நரம்புகள் மிகக் கிட்ட ஓடுகின்றன. கிருமித் தொற்று, ஸ்குரூ தளர்வது என்பவையும் உண்டு. ஆகவே தம்பி நடக்கிறார், எலும்பும் நகரவில்லை என்றால் பிரைவேற்றுக்குக் காசு கட்டுவதை நான் வீண் செலவு என்றே சொல்வேன். ஒரு வாரமாகியும் வலியில் கட்டிலை விட்டு எழும்பவே முடியவில்லை என்றால் அது வேறு. அப்போது இன்னொரு எலும்பு டொக்டரிடம் படத்தைக் காட்டிக் கேட்பதில் பிழையில்லை.

இளம் வயது என்பதால் ஒப்பரேஷன் வேண்டும் என்ற கணக்கும் சரியில்லை. இளம் எலும்பு நன்றாகப் பொருந்தும், இடுப்பெலும்புக்கு இரத்த ஓட்டமும் தாராளம். ஆனால் இளம் ஆளின் இடுப்பு உடைய வேண்டுமென்றால் பலமான அடி விழுந்திருக்க வேண்டும். சிறுநீர்ப்பை, சிறுநீர்க்குழாய், நரம்பு எல்லாம் பார்த்தார்களா என்று விசாரியுங்கள். சலம் போவதில் சிக்கல், மறைவிடத்தில் உணர்வில்லாமல் மரத்துப்போவது, ஆண்மை தொடர்பான பிரச்சினை ஏதாவது இருந்தால் தம்பி வெட்கப்பட்டு மறைப்பார். உங்களுக்குச் சொல்லமாட்டார், டொக்டரிடம் தனியாகப் பேச விடுங்கள்.

ஒப்பரேஷன் இல்லை என்றால் படுத்தே கிடப்பது என்று அர்த்தமில்லை. படுத்தே கிடந்தால் காலில் இரத்தம் கட்டிப்படும், அது நெஞ்சுக்குப் போனால் ஆளையே கொண்டுபோய்விடும். அதைத் தடுக்க எனக்கு வயிற்றில் ஒவ்வொரு நாளும் ஊசி போட்டார்கள், வயிறு முழுக்க நீலப் புள்ளி. வீட்டுக்கு வந்ததும் பெரியப்பா பரியாரியாரைக் கூட்டிவந்து எண்ணெய் போட்டு உருவிப் புக்கை கட்டுவோம் என்று நின்றார். கை மணிக்கட்டு நெரிவுக்கு நானே போயிருக்கிறேன், குறை சொல்லவில்லை. ஆனால் இப்போது கால், தொடையை உருவ விடவே கூடாது. கட்டிப்பட்ட இரத்தம் இருந்தால் உருவும்போது கழன்று மேலே போகலாம். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, திடீரென்று மூச்சு இழுத்தாலோ கிளினிக் நாள் வரும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே கொண்டுபோங்கள்.

எனக்கு ஆறு வாரம் வோக்கரும் ஊன்றுகோலும், மூன்றாம் மாதம் கைத்தடி இல்லாமல் கோயிலைச் சுற்றி வந்தேன், நாலரை மாதத்தில் மோட்டார் சைக்கிள். சப்பாணி கட்டி இருக்கத்தான் எட்டு மாதம் எடுத்தது. அம்மம்மாவின் திவசத்துக்கு எல்லோரும் பந்தியில் இருக்க நான் மட்டும் கதிரையில் இருந்து சாப்பிட்டேன். இப்போதும் கொழும்பு பஸ்ஸில் இரவு முழுக்க இருந்து போனால் இடப்பக்கம் பின்னால் ஒரு நோ வரும், இறங்கி நடந்தால் போய்விடும். கிளிநொச்சிப் பெடியனும் வயல் வேலைக்குத் திரும்பிவிட்டான். அவனுக்கும் அதே இடத்தில் அதே நோ.

கடைசியாக ஒன்று, இதை ஆஸ்பத்திரியில் யாரும் சொல்லவில்லை. வீட்டில் குந்துகிற கக்கூஸ் என்றால் தம்பியால் சில வாரங்களுக்குக் குந்த முடியாது. அப்பா பழைய பிளாஸ்ரிக் கதிரை ஒன்றின் நடுவில் ஓட்டை வெட்டி மேலே வைத்துவிட்டார், அருமையாக வேலை செய்தது. நீங்களும் வெட்டினால் விளிம்பை அரத்தால் நன்றாகத் தேய்த்துவிடுங்கள். அப்பா அதை மறந்துவிட்டார்.