கறுப்புக் காரில் சிலந்தி வலைக் கோடுகள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கறுப்பு நிறக் கார் வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. இதுவரை எதிலும் உரசியதில்லை. ஆனால் வெயிலில் நிறுத்தினால் பானட் முழுக்கச் சிலந்தி வலை பின்னியது போல வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள் தெரிகின்றன. அபார்ட்மென்ட்டில் தினமும் காலையில் ஒருவர் துடைத்து விடுகிறார், அதனால் கார் எப்போதும் சுத்தமாகத்தான் இருக்கிறது. பெயின்ட்டே மட்டமோ?
வாசகர், தாம்பரம்

பதில்: பெயின்ட் மேல் தப்பில்லை. தினமும் துடைப்பதுதான் காரணம். என்னிடம் வரும் கார்களில் பாதிக்கு மேல் இதே கதைதான், அதுவும் ஆசையாகப் பராமரிப்பவர்களின் கார்களில்தான் கோடுகள் அதிகம்.

காரின் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்று நிறமில்லாத ஒரு படலம் இருக்கிறது. பளபளப்பு முழுக்க அதனுடையது. அதன் கனம் பெரும்பாலான கார்களில் 35 முதல் 50 மைக்ரான். நம் தலைமுடி ஒன்று ஏறக்குறைய 70 மைக்ரான் இருக்கும், அப்படியென்றால் எவ்வளவு மெல்லியது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ராத்திரி முழுக்கக் காரில் படியும் தூசியில் நுண்ணிய மணல் இருக்கிறது. மணலில் உள்ள குவார்ட்ஸ் கண்ணாடியையே கீறக்கூடியது. அந்தத் தூசி மேல் ஈரத் துணியை வைத்து அழுத்தி ஒரு சுற்று சுற்றினால் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் அதுவும் ஒன்றுதான். ஒரு நாளில் ஒன்றும் தெரியாது. எட்டு மாதம் என்றால் இருநூற்றுச் சொச்சம் தடவை.

கோடுகள் உண்மையில் வட்டமாக இல்லை. எல்லாத் திசையிலும் தாறுமாறாகக் கிடக்கின்றன, அதில் வெளிச்சத்துக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் மினுங்குவதால் சூரியனைச் சுற்றி வளையம் போட்டது போலத் தெரிகிறது. ராத்திரி மொபைல் டார்ச்சை பானட்டுக்கு மேலே பிடித்து மெல்ல நகர்த்துங்கள், வளையமும் கூடவே நகரும். வெள்ளைக் காரிலும் இதே கீறல்கள் உண்டு, கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

நாளைக் காலையில் இன்னொன்றும் செய்து பாருங்கள். அவர் ஏழெட்டுக் கார் துடைத்து முடித்த பிறகு அந்த வாளியில் கையை விட்டு அடியைத் தடவுங்கள். நறநறவென்று மண் தட்டுப்படும். உங்கள் கார் வரிசையில் கடைசி என்றால் முந்தைய ஏழு காரின் மண்ணும் உங்கள் பானட்டுக்குத்தான் வருகிறது. இதற்காக அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், தயவுசெய்து. ஒரு வாளித் தண்ணீரில் அத்தனை காரையும் ஆபீஸ் நேரத்துக்குள் பளிச்சென்று ஆக்கச் சொன்னது நாம்தான். அவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: "அண்ணே, தினமும் கண்ணாடி மட்டும் துடைங்க, பாடியைத் தொட வேண்டாம், வாரத்துக்கு ஒரு நாள் நல்லாத் தண்ணி ஊத்திக் கழுவிக் கொடுங்க, சம்பளம் அதே." துணியும் ஷாம்புவும் நீங்களே வாங்கிக் கொடுங்கள். நடுவில் தூசி படிந்தால் படியட்டும். சும்மா கிடக்கிற தூசி பெயின்ட்டை ஒன்றும் செய்வதில்லை, அதைத் தேய்க்கும்போதுதான் வினை.

கேள்வி: எங்கள் தெருவில் தண்ணீர் கஷ்டம். ஹோஸ் பிடித்துக் கழுவ வழியில்லை. குறைந்த தண்ணீரில் கோடு விழாமல் கழுவ முடியுமா?
வாசகி, மதுரை

பதில்: முடியும். மூன்று வாளி போதும். முதல் வாளியை மக்கில் மொண்டு கூரையிலிருந்து கீழ்நோக்கி மெதுவாக ஊற்றுங்கள், துணியே தொடக்கூடாது, மண் தானாக இறங்க வேண்டும். தோட்டத்துக்கு மருந்தடிக்கும் கைத் தெளிப்பான் புதிதாக ஒன்று இருந்தால் இன்னும் நல்லது, தண்ணீர் பாதியாகக் குறையும். மருந்தடித்த பழையதை எடுக்காதீர்கள்.

அப்புறம் இரண்டாவது வாளியில் கார் ஷாம்பு, மூன்றாவதில் வெறும் தண்ணீர். ஸ்பாஞ்ச் வேண்டாம். அதன் முகம் தட்டையாக இருப்பதால் மண் உள்ளே போகாமல் மேலேயே நின்று தேய்க்கும். நூல் நூலாகத் தொங்கும் மைக்ரோஃபைபர் கையுறை வாங்குங்கள். ஷாம்புவில் நனைத்துக் கூரையைக் கழுவியதும், திரும்ப ஷாம்புவில் முக்குவதற்கு முன்னால் வெறும் தண்ணீர் வாளியில் நன்றாக அலசுங்கள். ஒவ்வொரு கதவுக்கும் இதேதான். கூரை, கண்ணாடி, பானட், கதவின் மேல்பாதி என்று இறங்கி, சேறு அதிகமுள்ள கதவின் கீழ்ப்பகுதியையும் பம்பரையும் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். சக்கரத்துக்கு வேறு துணி, அந்தத் துணி பாடி பக்கமே வரக்கூடாது. கையை நேர்க்கோட்டில் ஓட்டுங்கள். கடைசி அலசலுக்கு வாளி ஒன்றை மறுபடி நிரப்ப வேண்டியிருந்தால் நிரப்பிக்கொள்ளுங்கள், அதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

போர் தண்ணீர் என்றால் வெயிலில் கழுவவே கூடாது. தண்ணீர் காய்ந்து உப்பு வெள்ளைப் பொட்டாக ஒட்டிக்கொள்ளும், அதை எடுக்கிறேன் என்று தேய்ப்பதில் புதிதாகக் கோடு விழும். காலையில் நிழலில் கழுவி, உடனே தடிமனான மைக்ரோஃபைபர் டவலை விரித்து ஒற்றி எடுங்கள். அந்த டவலை மற்ற துணிகளோடு வாஷிங் மெஷினில் போடாதீர்கள், மணத்துக்காக ஊற்றும் கண்டிஷனரும் வேண்டாம், அது இழைகளை அடைத்துவிடும். துணி கீழே விழுந்தால் அன்றைக்கு அது அவ்வளவுதான். நான் வேலை பழகிய நாட்களில் தரையில் விழுந்த துணியை உதறிவிட்டு மறுபடி டிக்கியைத் துடைத்தேன். இழைக்குள் ஒரே ஒரு மணல் சிக்கியிருந்திருக்கிறது. ஒரு முழ நீளத்துக்குக் கோடு போட்ட பிறகுதான் பார்த்தேன். இருபது வருடமாகியும் துணி கை நழுவினால் அந்தக் கோடுதான் ஞாபகம் வருகிறது.

கேள்வி: செராமிக் கோட்டிங் போட்டால் 9எச் கடினம், சாவியால் கீறினாலும் ஒன்றும் ஆகாது என்கிறார்கள். நம்பலாமா?
வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நம்பாதீர்கள். 9எச் என்பது பென்சில் கணக்கு. வெவ்வேறு கடினமுள்ள பென்சில்களால் அழுத்திப் பார்க்கும் ஒரு சோதனை இருக்கிறது, அதில் கடைசிப் பென்சில் 9எச். வைரம் பத்து என்று சொல்கிறோமே, கனிமங்களின் கடினத்தைச் சொல்லும் அந்த மோஸ் அளவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. செராமிக் என்பது பெயின்ட் மேல் திரவமாகப் பூசிக் காயவிடும் படலம், அதன் கனம் ஒன்றிரண்டு மைக்ரான்தான், சாவி அதைத் தாண்டி சுலபமாகப் போய்விடும்.

ஆனாலும் அது வீண் செலவு என்று சொல்லமாட்டேன். தண்ணீரும் சேறும் ஒட்டாமல் வழுக்கி ஓடுவதால் தேய்க்கும் வேலை குறைகிறது, அதனால் கோடும் குறைகிறது. காக்கா எச்சத்தைத் துடைக்க உங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரமும் கிடைக்கும். போட்டுவிட்டுப் பழையபடி தினமும் வறட்டுத் துணியால் துடைத்தால் செராமிக் மேலேயே சிலந்தி வலை விழும், அதையும் பார்த்திருக்கிறேன். கீறலையே தடுக்க வேண்டுமென்றால் பிபிஎஃப் என்கிற ஒட்டுப் படலம்தான். 150 முதல் 200 மைக்ரான் கனமான பாலியூரித்தேன், அதாவது கிளியர் கோட்டைப் போல மூன்று நான்கு மடங்கு. நல்ல தரமுள்ளதில் லேசான கோடுகள் வெயில் சூட்டில் தானாக மறையும். விலை அதிகம். கார் முழுக்க வேண்டாம், அதிகம் அடிபடும் முன் பம்பர், பானட், கதவுக் கைப்பிடிக் குழி, இவற்றுக்கு மட்டும் போட்டாலே பெரிய நிம்மதி.

கேள்வி: பக்கத்துக் கடையில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ரப்பிங் பாலிஷ் போடச் சொல்கிறார்கள். போட்டால் கோடு மறைகிறது, ஒரு மாதத்தில் திரும்ப வந்துவிடுகிறது.
வாசகர், திருநெல்வேலி

பதில்: முதலில் அந்த ஆறு மாதக் கணக்கை நிறுத்துங்கள். ரப்பிங் என்பது கீறலின் ஆழத்துக்குக் கிளியர் கோட்டையே சீவி எடுப்பது. ஒவ்வொரு முறையும் சில மைக்ரான் போகிறது, போனது திரும்பாது. இப்படியே போனால் சில வருடங்களில் கூரையும் பானட்டும் வெள்ளை வெள்ளையாகப் பூத்து உரிய ஆரம்பிக்கும், அப்புறம் பெயின்டிங் தவிர வழியில்லை.

ஒரு மாதத்தில் கோடு திரும்புகிறது என்றால் அது போகவே இல்லை. சில பாலிஷ்களில் எண்ணெயும் நிரப்பியும் இருக்கும், அவை கோட்டுக்குள் உட்கார்ந்து மறைத்துவிட்டு நான்கு கழுவலில் வெளியே வந்துவிடும். அடுத்த முறை ஒரு அடிக்கு ஒரு அடி இடத்தில் மட்டும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அதை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள், உண்மை தெரிந்துவிடும். பெயின்ட் கனம் அளக்கும் மீட்டர் இருக்கிறதா என்றும் கேளுங்கள். கோட்டின் மேல் விரல் நகத்தைக் குறுக்கே ஓட்டும்போது மாட்டினால் அது ஆழமான கீறல், அதைப் பாலிஷில் துரத்தாமல் டச்-அப் பெயின்ட்டோடு விட்டுவிடுவது நல்லது. மாட்டாத கோடுகளை மட்டும் ஒரே ஒரு தடவை நல்ல கையில் கொடுத்து எடுத்துவிட்டு, கழுவும் முறையை மாற்றிக்கொண்டால் ரொம்ப நாளைக்கு மறுபடி அங்கே போக வேண்டியிருக்காது.

கேள்வி: வேப்பமரத்தடியில் நிறுத்துகிறோம். காக்கா எச்சத்தைப் பாத்திரம் தேய்க்கும் ஸ்கிரப்பரால் எடுத்ததில் பானட்டில் மங்கலான திட்டு விழுந்துவிட்டது. கவர் போடலாமா?
வாசகி, ஈரோடு

பதில்: ஸ்கிரப்பரின் பச்சைப் பக்கத்தில் அரைக்கும் தூள் கலந்திருக்கும், இனி அது கார் பக்கம் வரவே வேண்டாம். அந்தத் திட்டு ஆழமில்லை என்றால் பாலிஷில் பெரும்பாலும் போய்விடும். எச்சத்தில் அமிலம் இருக்கிறது, சூடான பானட்டில் சில மணி நேரத்திலேயே அரித்துவிடும், அதனால் தள்ளிப் போடாதீர்கள். டிஷ்யூ பேப்பரைத் தண்ணீரில் நனைத்து அதன் மேல் போட்டு ஐந்து நிமிடம் ஊறவிட்டு அப்படியே வழித்து எடுங்கள், தேய்க்க வேண்டாம். ஒரு பாட்டில் தண்ணீரும் கொஞ்சம் டிஷ்யூவும் டிக்கியில் எப்போதும் இருக்கட்டும்.

கவரைப் பொறுத்தவரை, கழுவின காருக்குப் போட்டால் காவல். தூசியுள்ள காருக்குப் போட்டால் காற்றில் படபடத்து அதுவே அரம் மாதிரி தேய்க்கும். தினமும் எடுக்கும் காருக்கு ஒவ்வொரு நாளும் கழுவிவிட்டுக் கவர் போடுவது நடக்கிற காரியமில்லை, கிளையை ஒட்டி நிறுத்தாமல் நாலடி தள்ளி நிறுத்துங்கள்.