தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒரே டாக்டரா?

கேள்வி: என் மகன் ஐந்தாம் வகுப்பு. வாயால் கேட்டால் கணக்கு டக்டக்கென்று சொல்வான். தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்தால் திணறுவான். ஐ.க்யூ. டெஸ்ட் எடுத்து வரச் சொல்கிறார் டீச்சர். மாமனாருக்கு 72 வயது. மாமியார் போய் ஏழு மாதம் ஆகிறது. இப்போது சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். இரண்டு பேரையும் ஒரே இடத்தில் காட்டலாமா மேடம்? ஸ்கேன் எடுப்பார்களா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: நான் டாக்டர் இல்லைம்மா, சைக்காலஜிஸ்ட். மாத்திரை எழுதுவது மனநல மருத்துவர்; என்னிடம் இருப்பது பேப்பர், பென்சில், சில மரக்கட்டைகள், ஒரு ஸ்டாப்வாட்ச். ஸ்கேனெல்லாம் இல்லை. இரண்டு பேரையும் கூட்டி வரலாம், ஆனால் ஒரே நாளில் வேண்டாம்.

பையனுக்கு இரண்டு மூன்று தடவை வரவேண்டியிருக்கும். முதலில் அறிவுத்திறன், பிறகு வாசிப்பும் எழுத்தும் கணக்கும் தனித்தனியாக. வரும்போது பார்த்துப் பார்த்து எழுதிய ஃபேர் நோட்டு வேண்டாம்; ரஃப் நோட்டைக் கொண்டு வாருங்கள். கொம்பை விட்டுவிடுகிறானா, ல-ள-ழ குழம்புகிறதா, வரியைத் தாண்டிப் போகிறானா என்று அதில்தான் தெரியும். கண்ணையும் காதையும் முன்னாடியே சோதித்துவிடுங்கள். சராசரி 100 என்று வைத்த அளவுகோலில் அவன் 104 வாங்கினாலும் 92 வாங்கினாலும் எனக்குப் பெரிய வித்தியாசமில்லை. எந்த இடத்தில் தடுக்குகிறான் என்பதே எனக்கு வேண்டும். கற்றல் குறைபாடு என்று தெரிந்தால், 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் அதுவும் சேர்ந்திருக்கிறது. அரசு மருத்துவமனையில் சான்று வாங்கினால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம். ஒரு வேண்டுகோள்: யூடியூபில் பார்த்து வீட்டில் பயிற்சி கொடுத்துவிடாதீர்கள். அப்படி வாங்கும் மார்க்கை வைத்துக்கொண்டு நான் ஒன்றும் செய்ய முடியாது.

மாமனார் விஷயத்தில்தான் நிதானம் வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு நெசவாளர் பெரியவரை என்னிடம் அழைத்து வந்தார்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னேன். 93 என்றார், அத்தோடு நின்றுவிட்டார். மற்றதிலும் மார்க் குறைவு. ‘மறதிநோய் சந்தேகம்’ என்று எழுதிக் கொடுத்தேன். மறு வாரம் மகள் வந்தார். “அப்பா மூணாங்கிளாஸ்தான் மேடம். ஆனா ஒரு பாவுக்கு எத்தனை இழைன்னு இன்னிக்கும் மனக்கணக்காத்தான் சொல்றாரு. அன்னிக்குக் கண்ணாடிய வேற வீட்டுல வச்சிட்டு வந்துட்டாரு.” எனக்குக் கூசிப்போனது. திரும்ப வரவழைத்து, கண்ணாடியைப் போடச் சொல்லி, அவர் படிப்புக்கு ஏற்ற கேள்விகளைக் கேட்டேன். அவருக்கு மறதிநோய் இல்லை. அன்றிலிருந்து எந்தப் பெரியவர் வந்தாலும் என் முதல் கேள்வி, “ஐயா, கண்ணாடி எங்கே?”

உங்கள் மாமனாருக்கு இது துக்கமாகவும் இருக்கலாம். மனச்சோர்வில் இருப்பவர் எதைக் கேட்டாலும் “தெரியலையே” என்று விட்டுவிடுவார். மறதிநோய் உள்ளவர் பெரும்பாலும் ஏதாவது சொல்லிச் சமாளிப்பார். இதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது, ஆனால் கவனித்து எழுதி வையுங்கள். குடும்ப டாக்டரிடம் சொல்லி பி12, தைராய்டு ரத்தப் பரிசோதனைகளை முதலில் முடித்துவிடுங்கள். அவை குறைந்தாலும் ஞாபகம் தடுமாறும்.

கேள்வி: வயது 34. பஸ்ஸில் திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, செத்துவிடுவேன் போலிருக்கிறது. இ.சி.ஜி. நார்மல். சைக்காலஜிஸ்ட் முக்கால் மணி நேரம் பேசி அனுப்பிவிட்டார். பேசியே இது போகுமா?
- வாசகர், கோவை

பதில்: பெரும்பாலும் போகும் தம்பி, ஆனால் பேச்சோடு நிற்காது. என் அறைக்கு வெளியே 22 படிகள் இருக்கின்றன. உங்களைப் போன்றவர்களை அதில் வேகமாக ஏறி இறங்கச் சொல்வேன். நெஞ்சு படபடக்கும். அதே படபடப்புதான், உயிர் போகவில்லை என்பதை உடம்பே தெரிந்துகொள்ளும். பிறகு பஸ்: முதலில் ஒரு ஸ்டாப், அப்புறம் மூன்று. பத்துப் பன்னிரண்டு சந்திப்புகள் ஆகலாம். பார்ப்பவர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டுகளைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று பதிவு எண்ணைக் கேளுங்கள், தப்பாக நினைக்க மாட்டார். ராத்திரியில் தாங்க முடியாமல் போனால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ்; தமிழிலேயே பேசலாம்.

இன்னொன்று. பஸ்ஸில் எங்கே நிற்கிறீர்கள்? படிக்கட்டுப் பக்கம்தானே, சட்டென்று இறங்க வசதியாக? அதை உங்கள் சைக்காலஜிஸ்டிடம் சொல்லுங்கள். கடைசியில் அவர் உங்களை ஜன்னலோர சீட்டில்தான் உட்கார வைப்பார்.