கோல் வித்தியாசத்தில் ஹிபர்னியன் முன்னால், பட்டம் ரேஞ்சர்ஸுக்கு: கணக்கு எங்கே இடிக்கிறது?

கேள்வி: பழைய கால்பந்து லீக் அட்டவணைகளை எக்செலில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். 1952-53 ஸ்காட்லாந்து லீக், ‘ஏ’ டிவிஷன். ரேஞ்சர்ஸ், ஹிபர்னியன் இரண்டுக்கும் 30 ஆட்டங்களில் 43 புள்ளி. கோல் வித்தியாசம் (அடித்த கோலில் வாங்கிய கோலைக் கழித்தது) ஹிபர்னியனுக்கு 42, ரேஞ்சர்ஸுக்கு 41. வரிசைப்படுத்தினால் ஹிபர்னியன் மேலே வருகிறது. ஆனால் சாம்பியன் ரேஞ்சர்ஸ் என்கிறார்கள். எந்த எண்ணைத் தப்பாக ஏற்றினேன்?

பதில்: எண்களெல்லாம் சரி. நீங்கள் கழித்துவிட்டீர்கள், அன்று வகுத்தார்கள்.

புள்ளி சமமானால் அடித்த கோலை வாங்கிய கோலால் வகுத்து, ஈவு யாருக்குப் பெரிதோ அவரை மேலே வைப்பதுதான் அக்கால விதி. கோல் ஆவரேஜ் என்பார்கள். ரேஞ்சர்ஸ் 80 அடித்து 39 வாங்கியது: 2.051. ஹிபர்னியன் 93 அடித்து 51 வாங்கியது: 1.824. நெருக்கமே இல்லை.

இந்த முறை அடிப்பவரைவிடத் தடுப்பவருக்கே சாதகம். ஹிபர்னியன் ரேஞ்சர்ஸைத் தாண்ட இன்னும் 12 கோல் அடித்திருக்க வேண்டும். அல்லது 6 கோல் குறைவாக வாங்கியிருந்தால் போதும். கார்டன் ஸ்மித், ஜான்ஸ்டன், ரெய்லி, டர்ன்புல், ஆர்மண்ட் என்று ஐந்து முன்கள வீரர்களைக் கொண்டு கோல் மழை பொழிந்த அணிக்கு இதைவிடப் பொருந்தாத விதி இருக்க முடியாது. 1951, 1952 இரண்டிலும் பட்டம் வென்றவர்கள், மூன்றாவதை வகுத்தலில் விட்டார்கள். அதற்காக ரேஞ்சர்ஸுக்குச் சும்மா கிடைத்தது என்றும் சொல்ல முடியாது. கடைசி ஆட்டத்தில் குவீன் ஆஃப் த சவுத் அணியிடம் பின்தங்கியிருந்தபோது வில்லி வாடெல் அடித்த கோலால்தான் 1-1 ஆயிற்று. அது விழாவிட்டால் 42 புள்ளி, வகுக்கவே வேலையிருந்திருக்காது.

அதே சீசனில் இங்கிலாந்தின் முதல் டிவிஷனும் இப்படித்தான் முடிந்தது. ஆர்சனல், பிரெஸ்டன் இரண்டும் 54 புள்ளி. வெற்றி, டிரா, தோல்விகூட ஒன்றே: 21, 12, 9. அடித்தது-வாங்கியது கணக்கில் ஆர்சனல் 97-64, பிரெஸ்டன் 85-60. 1953 மே 1 அன்று பர்ன்லியை 3-2 என்று வென்று, 1.516க்கு 1.417 என்ற கணக்கில் ஆர்சனல் பட்டம் எடுத்தது. இங்கே கழித்தாலும் ஆர்சனல்தான் (33க்கு 25). ஆகவே இந்த அட்டவணையை வைத்து ஃபார்முலாவைச் சோதிக்காதீர்கள். தப்பான ஃபார்முலாவும் சரியான விடை தரும். சோதிக்க 1964-65 ஸ்காட்லாந்தை எடுங்கள்: கில்மார்னக் 62-33, ஹார்ட்ஸ் 90-49, இரண்டும் 50 புள்ளி. கழித்தால் ஹார்ட்ஸ் 12 கோல் முன்னால், வகுத்தால் 1.879க்கு 1.837. கடைசி நாளில் ஹார்ட்ஸின் சொந்த மைதானத்திலேயே 2-0 என்று வென்று கில்மார்னக் கோப்பையைத் தூக்கிப்போனது.

ஷீட்டில் செய்ய வேண்டியது: அடித்த கோல் வகுத்தல் வாங்கிய கோல் என்று ஒரு பத்தி சேருங்கள். முதலில் புள்ளி, அடுத்து இந்தப் பத்தி, இரண்டும் இறங்கு வரிசையில். ஈவை ஒரு தசமத்துக்கு ரவுண்ட் செய்யாதீர்கள்; 1923-24 இங்கிலாந்தில் ஹடர்ஸ்ஃபீல்டு (60-33) கார்டிஃபை (61-34) முந்தியது 0.024 அளவில்தான். சீசனின் நடுவே, வாரவாரியாக அட்டவணை போடுவதாக இருந்தால், ஒரு கோலும் வாங்காத அணிக்குப் பூஜ்யத்தால் வகுக்கும் பிழை வரும். அதற்கு மட்டும் ஒரு ‘இஃப்’ போட்டுப் பெரிய எண் ஒன்றைக் கொடுத்துவிடுங்கள்.

வெற்றிக்கு 2 புள்ளி என்பதையும் மாற்றிவிடாதீர்கள். இன்றைய 3 புள்ளிக் கணக்கை 1952-53க்குப் போட்டால் ஹிபர்னியன் 62, ரேஞ்சர்ஸ் 61 என்று வந்து மறுபடியும் குழம்புவீர்கள். இங்கிலாந்து அட்டவணைகளுக்கு 1976-77 முதல் கழித்தல், 1981-82 முதல் 3 புள்ளி.