டெம்பேலே காயம் படும் உடம்பா? உங்கள் மகனும் அப்படியா?

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. கால்பந்தில் விங்கில், அதாவது மைதானத்தின் ஓரப் பக்கத்தில், ஆடுகிறான். நான்கு மாதத்துக்குள் இரண்டு முறை வலது பின்தொடை பிடித்துக்கொண்டது. இரண்டாவது முறை ஓடும்போது 'டப்' என்று சத்தம் கேட்டது என்கிறான். மூன்று வாரம் ஆகியும் பெஞ்சில் உட்கார்ந்தால் அந்தப் பக்கம் வலிக்கிறது. "இவனுக்கு டெம்பேலே மாதிரி காயம் படும் உடம்பு, பெரிய ஆட்டத்துக்குத் தாங்காது" என்று கோச் சொல்லிவிட்டார். ஸ்பெயினுக்கு டிரையல் அனுப்புகிற ஒருவர், ஊசி, மரபணு டெஸ்ட், ஃபிட்னெஸ் சர்ட்டிஃபிகேட் எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம் கேட்கிறார். அடுத்த மாதம் டோர்னமென்ட் வேறு இருக்கிறது. என்ன செய்யலாம்?
(கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து ஒரு தந்தை)

பதில்: இரண்டு விஷயங்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஆளுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நாளைக்கே பையனை அழைத்துப்போய் இடுப்புக்கு ஒரு எக்ஸ்ரே எடுங்கள். இரண்டுக்கும் காரணம் கீழே இருக்கிறது. ஆனால் உங்களை அதிகம் வாட்டுவது கோச் சொன்ன அந்த வார்த்தைதான் என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. அதனால் டெம்பேலேவிலிருந்தே தொடங்குகிறேன்.

2017 ஆகஸ்டில் ஸ்பெயினின் பார்சிலோனா கிளப், பிரெஞ்சுக் கால்பந்து வீரர் உஸ்மான் டெம்பேலேவை ஜெர்மனியின் டார்ட்மண்ட் கிளப்பிடமிருந்து 10.5 கோடி யூரோவுக்கு வாங்கியது. அவருக்கு அப்போது 20 வயது. பார்சிலோனாவுக்குப் போக வேண்டும் என்பதற்காக அவர் டார்ட்மண்ட் பயிற்சிக்கு வராமல் இருந்தார், கிளப் அவரை இடைநீக்கம் செய்தது. சீசன் தொடக்கத்தில் உடம்பைப் படிப்படியாக ஏற்றவேண்டிய நாட்களில் ஒரு பகுதி அணியோடு சேராமலே கழிந்தது. செப்டம்பர் 16 அன்று கெடாஃபே மைதானத்தில், லீக் ஆட்டத்தில் முதல்முறையாகத் தொடக்கப் பதினொருவரில் இறங்கினார். முதல் பாதி முடியவில்லை. கோட்டைத் தாண்டப்போன பந்தைக் குதிகாலால் உள்ளே தட்ட எட்டினார், இடது பின்தொடையில், தசையை எலும்போடு பிணைக்கிற தசைநாண் கிழிந்தது. பின்லாந்தில் அறுவை சிகிச்சை நடந்தது. ஜனவரி முதல் வாரத்தில் திரும்பினார். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, ரியல் சோசியடாட் ஆட்டத்தில் அதே இடது தொடையில் இன்னொரு தசை போனது.

அப்புறம் 2019 நவம்பரில் வலது தொடை. பத்து வாரம் வெளியே இருந்தார். 2020 பிப்ரவரியில், ஆட்டத்துக்குத் திரும்பும் தறுவாயில், பயிற்சியிலேயே அதே வலது தொடையின் மேல்பக்கத் தசைநாண் முழுசாக அறுந்தது. மறுபடி பின்லாந்து, மறுபடி அறுவை சிகிச்சை, ஆறு மாதம்.

இந்த வரிசையைப் பாருங்கள். ஒவ்வொரு பெரிய காயத்துக்குப் பின்னாலும் அதே தொடையில், திரும்பிய சில நாட்களில் அல்லது திரும்பும் நேரத்தில், அடுத்தது வருகிறது. இது டெம்பேலேவுக்கு மட்டும் நடப்பதில்லை. ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபா, அங்குள்ள முன்னணி கிளப்புகளின் காயங்களை 2001 முதல் தொடர்ந்து பதிவு செய்து வருகிறது. அந்தக் கணக்குப்படி பின்தொடைக் காயங்களில் ஏறத்தாழ 18 சதவீதம் பழைய காயம் திரும்ப வருவதுதான். அப்படித் திரும்புபவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல், களத்துக்கு வந்த முதல் இரண்டு மாதத்துக்குள்ளேயே வருகின்றன.

காரணம் எளிது. கிழிந்த தசை தழும்பு போட்டு ஆறுகிறது. வலையில் ஒட்டுப் போட்ட இடத்தைச் சுற்றி மறுபடி பிய்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள், தசையிலும் தழும்பின் ஓரம்தான் பலவீனம். வலி போவது முதலில், பலம் வருவது கடைசியில். நடுவில் இருக்கிற அந்த வாரங்களில்தான் பையன்கள் "வலிக்கலை சார்" என்று சொல்லி இறங்குகிறார்கள்.

சரி, டெம்பேலே காயம் படும் ஆட்டக்காரரா? பாதி ஆமாம். பின்தொடையில் பலமுறை கிழிந்தவருக்கு, கிழியாதவரைவிட ஆபத்து நிச்சயம் கூடுதல். அதை நான் மறைக்கமாட்டேன். ஆனால் அதே உடம்போடுதான் 2024–25 சீசனில் பாரிஸ் கிளப்பான பி.எஸ்.ஜி.க்காக 35 கோல் அடித்தார், சாம்பியன்ஸ் லீக் இறுதியில் இன்டர் மிலானை 5–0 என்று வென்ற அணியில் இருந்தார், 2025 செப்டம்பரில் ஆண்டின் சிறந்த வீரருக்கான பாலோன் தோர் விருதை வாங்கினார். பிறவியிலேயே தாங்காத உடம்பாக இருந்தால் ஒரு முழு சீசன் அந்த வேகத்தில் ஓடியிருக்க முடியாது. கோச் சொன்ன வார்த்தை, நடந்து முடிந்ததை எண்ணிப் பார்த்து வைத்த பெயர். ஏன் நடந்தது என்று அது சொல்லாது. இன்னொன்றும் சொல்கிறேன்: அதே யூஃபா பதிவின்படி 25 பேர் கொண்ட அணியில் ஒரு சீசனுக்குச் சுமார் 50 காயங்கள், அதாவது ஆளுக்கு இரண்டு. நான்கு மாதத்தில் இரண்டு என்பதை வைத்து ஒரு பையனின் உடம்பையே குறைசொல்ல முடியாது.

இந்த இடத்தில் எனக்குக் கோபம் வருகிறது, எழுதிவிடுகிறேன். பாலோன் தோர் கிடைப்பதற்கு இரண்டு வாரம் முன்பு, பிரான்ஸ் அணிக்காக உக்ரைனுக்கு எதிராக டெம்பேலே இடைவேளைக்குப் பிறகு இறங்கினார். ஆட்டம் முடிவதற்குள் வலது பின்தொடையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். அவருக்கு ஏற்கெனவே தொந்தரவு இருந்தது என்று முன்கூட்டியே தெரிவித்திருந்ததாக பி.எஸ்.ஜி. பிரெஞ்சு கூட்டமைப்பின் மேல் பகிரங்கமாகக் குறைசொன்னது. ஆடும் நிலையில்தான் இருந்தார் என்றது தேசிய அணித் தரப்பு. இரண்டு பக்கமும் டாக்டர்கள், ஸ்கேன் இயந்திரங்கள், ஓடிய தூரத்தை மீட்டர் மீட்டராக அளக்கும் கருவிகள். அத்தனையும் இருந்தும் ஒரு ஆட்டக்காரரின் தொடையைப் பற்றி இரண்டு அலுவலகங்கள் ஒத்துப்போகவில்லை. வாரக்கணக்கில் வெளியே உட்கார்ந்தது அவர்தான். பணக்காரக் கிளப்பிலேயே இப்படியென்றால், ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, ஜெயித்தால் இரவு விளக்கில் இன்னொன்று என்று நடக்கிற நம் ஊர் டோர்னமென்ட்டில் 16 வயதுப் பையனின் காலை யார் கவனிக்கிறார்கள்? அங்கே ஐஸ் பாக்கெட் இருந்தாலே பெரிய விஷயம். கோப்பைக்கும் மைக் செட்டுக்கும் செலவழிக்கிறவர்கள் ஒரு பிசியோவுக்குக் கொடுக்கக் கணக்குப் பார்க்கிறார்கள். அப்புறம் பையன் விழுந்தால் உடம்பு சரியில்லை என்பார்கள்.

இனி எக்ஸ்ரே விஷயம். மேலே சொன்னதெல்லாம் தசை கிழிசலுக்குப் பொருந்தும். உங்கள் மகனுக்கு நடந்தது தசை கிழிசலாக இல்லாமலும் இருக்கலாம், அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

நாம் உட்காரும்போது பெஞ்சில் அழுந்துகிற எலும்பு முனை ஒன்று இருக்கிறது. பின்தொடைத் தசைகள் மூன்றும் மேலே அங்கேதான் பிடித்திருக்கின்றன. பெரியவர்களுக்கு அந்த முனை இடுப்பு எலும்போடு முழுசாக ஒட்டியிருக்கும். 13 வயது முதல் 17, 18 வயதுவரை, சிலருக்கு அதற்குப் பிறகும்கூட, அங்கே வளர்ச்சிக் குருத்தெலும்பு இருக்கும். தசை நன்றாகப் பலப்பட்டிருக்கும், எலும்பின் அந்த ஒட்டு இன்னும் பலப்பட்டிருக்காது. முழு வேகத்தில் ஓடும்போதோ பந்தை எட்டி உதைக்கும்போதோ தசை கிழியாமல், தசை பிடித்திருக்கிற எலும்புத் துண்டே பெயர்ந்து வந்துவிடும். இதன் அறிகுறிகள்: 'டப்' என்ற சத்தம், உட்காரும்போது ஒரு பக்கம் மட்டும் வலி, குனிந்து செருப்பு மாட்டும்போது இழுப்பு, சில நாள் நொண்டல். உங்கள் கடிதத்தில் முதல் இரண்டும் இருக்கின்றன.

இதைச் சாதாரணப் பிடிப்பு என்று நினைத்து எண்ணெய் போட்டு உருவிவிடுகிறார்கள், இழுத்து நீட்டச் சொல்கிறார்கள். பெயர்ந்த துண்டை அந்த இழுப்பு இன்னும் தள்ளிக் கொண்டுபோகும். துண்டு கொஞ்சம் மட்டும் விலகியிருந்தால் ஓய்விலேயே ஒட்டிவிடும், அதற்குச் சில மாதம் பிடிக்கும். அதிகம் விலகியிருந்தால், இரண்டு சென்டிமீட்டர் அளவுக்குப் போனால், அறுவை சிகிச்சை வேண்டுமா என்று எலும்பு டாக்டர் யோசிப்பார். இவ்வளவும் பெரும்பாலும் ஒரு சாதாரண எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும். தொடைக்கு எடுத்தால் போதாது, இரண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பார்க்கிற மாதிரி இடுப்புக்கு எடுக்க வேண்டும். அரசு மருத்துவமனை எலும்புப் பிரிவிலேயே எடுக்கலாம். "உட்காரும் எலும்பில் வலி, சத்தம் கேட்டது, வயது 16" என்ற மூன்றையும் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அதைப் பார்க்கும்வரை உருவலும் வேண்டாம், நீட்டலும் வேண்டாம், ஓட்டமும் வேண்டாம்.

அடுத்து அந்த ஒன்றரை லட்சம். ஊசி என்று அவர் சொல்வது பெரும்பாலும் பையனின் சொந்த ரத்தத்தை எடுத்துச் சுழற்றி, அதன் ஒரு பகுதியைத் திரும்பக் குத்துகிற பி.ஆர்.பி. ஊசியாக இருக்கும். நெதர்லாந்தில் பின்தொடைக் காயம் பட்ட 80 விளையாட்டுக்காரர்களில் ஒரு தரப்புக்கு இதையும் இன்னொரு தரப்புக்கு வெறும் உப்புநீரையும் குத்தி ஒப்பிட்ட ஆய்வு 2014-இல் வந்தது. இரு தரப்பும் ஆட்டத்துக்குத் திரும்ப ஒரே அளவு நாள்தான் எடுத்தன. அது ஸ்டீராய்டு ஊசியாக இருந்தால் இன்னும் மோசம். வலியை மறைத்து ஆளைக் களத்தில் இறக்கிவிடும், கிழிசல் அப்படியே கிடக்கும். டோர்னமென்ட்டுக்கு முந்தைய நாள் "ஒரே ஒரு ஊசி" என்று யார் வந்தாலும் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

மரபணு டெஸ்ட்டைப் பார்த்து ஒரு பையனுக்குத் தொடை கிழியுமா கிழியாதா என்று சொல்ல இன்றைக்கு எந்த லேபாலும் முடியாது. நிறம் நிறமாகக் கட்டம் போட்ட ரிப்போர்ட் வரும். அதில் எழுதியிருப்பதைக் கொண்டு நீங்கள் செய்யக்கூடியது எதுவும் இருக்காது.

ஸ்பெயின் டிரையல்தான் பெரிய கண்ணி. 18 வயதுக்குக் கீழே இருக்கிற ஆட்டக்காரரை வேறு நாட்டுக் கிளப்புக்கு மாற்ற, உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதி அனுமதிக்காது. விதிவிலக்குகள் உண்டு, உங்கள் நிலைமைக்கு அவை ஒத்துவராது. ஏஜென்ட் வேலை செய்ய ஃபிஃபா தேர்வு எழுதி உரிமம் வாங்கியிருக்க வேண்டும். அந்தப் பெயர்ப் பட்டியல் ஃபிஃபா தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. சிறுவனை அணுகவே பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். அவரிடம் உரிம எண்ணைக் கேளுங்கள். தடுமாறினால் பேச்சை அதோடு முடித்துவிடுங்கள். டிரையலுக்கு உண்மையிலேயே கூப்பிடுகிற கிளப் தன் சொந்த டாக்டரை வைத்துப் பார்த்துக்கொள்ளும், இவர் விற்கிற சர்ட்டிஃபிகேட் அங்கே செல்லாது. என்னிடம் வருகிற குடும்பங்களில் நகையை அடகு வைத்து இப்படிக் கட்டியவர்கள் இருக்கிறார்கள். விசா வராது, பணமும் வராது, நடுவில் பையனின் கால் இரண்டு மாதம் கவனிப்பில்லாமல் கிடந்திருக்கும். அதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

எக்ஸ்ரே சுத்தமாக இருந்தால் பாதை நேரானது, ஆனால் மெதுவானது. முதலில் வலியில்லாத நடை, பிறகு மெல்லோட்டம், பிறகு பாதி வேகம், முக்கால் வேகம். இரண்டு காலும் ஒரே உயரத்துக்கு நேராகத் தூக்க வர வேண்டும். ஒற்றைக் காலில் இடுப்பைத் தூக்கும் பயிற்சியில் இரு பக்கமும் ஒரே பலம் தெரிய வேண்டும். முழு வேக ஓட்டத்தைப் பல நாள் பயிற்சியில் செய்து பார்த்து, ஒரு வாரமாவது அணியோடு முழுப் பயிற்சி எடுத்து, அதற்குப் பிறகுதான் மேட்ச். முதல் மேட்ச்சில் இருபது நிமிடம் போதும். நாட்களை எண்ணி இறக்காதீர்கள், இதெல்லாம் வருகிறதா என்று பார்த்து இறக்குங்கள்.

அதோடு நார்டிக் பயிற்சி. பாய் விரித்து முட்டி போடச் சொல்லுங்கள், நண்பன் ஒருவன் கணுக்காலை அழுத்திப் பிடித்துக்கொள்ளட்டும். முதுகு வளையாமல், எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக முன்னால் சாய்ந்து, தாங்க முடியாதபோது கையை ஊன்றலாம். முதல் வாரம் ஒரே நாள், ஐந்து ஐந்தாக இரண்டு முறை. பிறகு வாரம் வாரம் கூட்டலாம். இதை ஒழுங்காகச் செய்கிற அணிகளில் பின்தொடைக் காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. காசு செலவில்லை. விற்க எதுவும் இல்லாததால் இதை யாரும் உங்களிடம் வந்து சொல்லவில்லை.

கோச்சோடு சண்டை வேண்டாம். அவருக்கும் மேலிருந்து அழுத்தம் இருக்கும். முதல் முறை பிடித்தபோது எத்தனை நாளில் இறக்கினீர்கள், முழு வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்தீர்களா என்று மட்டும் மரியாதையாகக் கேளுங்கள்.

அடுத்த மாத டோர்னமென்ட்டுக்கு எக்ஸ்ரே எப்படி வந்தாலும் தம்பி போக வேண்டாம். எலும்புத் துண்டு விலகியிருந்தால் அந்த ரிப்போர்ட்டோடு எலும்பு டாக்டரைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தால் மேலே சொன்ன வலியில்லாத நடையிலிருந்து தொடங்கட்டும்.